மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கத்தை யார் படிக்கிறார்கள், எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 3

வட சென்னையில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காசிமேடு துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் தலைச்சுமையாகத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கும் பெண்களின் கழுத்து, தோள், இடுப்பு வலியைப் பற்றி எட்டு மாதம் அலைந்து ஆய்வு செய்தேன். அதன் சுருக்கத்தை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினேன். தேர்வு பெறவில்லை என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. என் வகுப்புத் தோழர் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதி அனுப்பியது தேர்வாகிவிட்டது. உண்மையிலேயே படித்துப் பார்த்துத்தான் தள்ளுகிறார்களா, அல்லது கல்லூரியின் பெயரைப் பார்த்தே தள்ளிவிடுகிறார்களா?

ஆகஸ்ட் 3, இரவு 10.40

படித்துப் பார்த்துத்தான் தள்ளுகிறார்கள். எவ்வளவு கவனமாகப் படிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. நான் தண்டையார்பேட்டையில் வசிப்பவள், உங்கள் துறையையே கற்பிப்பவள். மாநில, தேசிய மாநாடுகளுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களுக்குப் பதினொரு ஆண்டுகளாக மதிப்பெண் போட்டு வருவதால், மதிப்பெண் போடுகிறவர்களின் பக்கத்திலிருந்து தெரிவதை எழுதுகிறேன்.

கடைசித் தேதி முடிந்ததும் அறிவியல் குழுவின் செயலாளர் முதல் சல்லடையைப் போடுவார். சொல் எண்ணிக்கை மீறியவை, மனித ஆய்வாக இருந்தும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் குறிப்பிடாதவை, ஒரே ஆய்வை இரண்டாகப் பிளந்து அனுப்பியவை ஆகியவை அங்கேயே நின்றுவிடும். எஞ்சியவற்றைத் தலைப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு அல்லது மூன்று மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு மதிப்பீட்டாளருக்கு முப்பது முதல் அறுபது வரை வரும், அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம், ஊதியம் கிடையாது. ஆய்வுக் கேள்வியின் புதுமை, ஆய்வு முறை, முடிவுகளின் தெளிவு, துறைக்குப் பயன், எழுத்து ஆகிய ஐந்துக்கும் ஐந்தைந்து மதிப்பெண் என்பது நான் அதிகம் கண்ட படிவம். மூவரின் சராசரியை எடுத்து, மேலிருந்து கீழாக அடுக்கி, இரண்டு கோடு போடுவார்கள். மேல் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் மேடையில் கட்டுரை வாசிப்பார்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பவர்கள் போஸ்டர் வைப்பார்கள், அதாவது ஆய்வை ஒரே தாளில் அச்சடித்துப் பலகையில் மாட்டுவார்கள். கீழே இருப்பவர்களுக்கு உங்களுக்கு வந்த அந்த ஒற்றை வரி போகும்.

எட்டு மாத அலைச்சலில் மதிப்பீட்டாளரின் கண்ணுக்குத் தெரிவது 250 சொற்கள் மட்டுமே. தள்ளப்பட்டது அந்த 250 சொற்கள்தான் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 11.15

கல்லூரிப் பெயரைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெயரையும் கல்லூரியையும் மறைத்துத்தான் எங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 4

உங்கள் தோழரின் ஒற்றை நோயாளிக் கட்டுரை உங்களுடையதோடு போட்டியிடவே இல்லை. அரிய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளுக்குத் தனிக் கட்டு, தனி மதிப்பெண் படிவம், தனிப் போஸ்டர் பலகைகள் உண்டு. அங்கே கேட்கப்படுவது அந்த நோயாளியிடமிருந்து மற்ற மருத்துவர்கள் புதிதாக என்ன கற்றுக்கொள்ளலாம் என்பது மட்டுமே. உங்கள் பிரிவில் நூறு பேர் இருந்திருந்தால் அவருடைய பிரிவில் முப்பது பேர் இருந்திருக்கக்கூடும்.

கூட்டம் பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவக் கல்வியை முன்பு நெறிப்படுத்திய இந்திய மருத்துவக் கவுன்சில் காலத்து விதிப்படி, முதுநிலை மாணவர் தேர்வெழுதத் தகுதி பெற ஒரு போஸ்டர் வைத்திருக்க வேண்டும், தேசிய அல்லது மாநில மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்திருக்க வேண்டும், ஒரு கட்டுரையை இதழுக்கு அனுப்பியாவது இருக்க வேண்டும். மாணவர்கள் ஆய்வுப் பழக்கம் பெற வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடுதான் அந்த விதி வந்தது. அதன் விளைவாக, சொல்வதற்கு ஏதாவது இருக்கிறவர்களோடு சான்றிதழ் தேவைப்படுகிறவர்களும் ஒரே வரிசையில் வந்து நின்றார்கள். விதிகள் பின்னர் மாறினாலும் மாநாடுகளில் அந்த வழக்கம் அப்படியே தங்கிவிட்டது.

ஆகஸ்ட் 6

மூன்றாம் தேதி இரவு நான் எழுதிய இரண்டாவது குறிப்பு தவறு. நான் மதிப்பிடும் மாநாடுகளில் பெயரை மறைக்கிறார்கள் என்பதை வைத்து, எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று எழுதிவிட்டேன். மறைக்காத மாநாடுகளும் உண்டு. மறைத்தாலும், ‘காசிமேடு துறைமுகத்தில்’ என்று முறைப் பகுதியில் எழுதியிருந்தால், சென்னையை அறிந்த எவரும் நான்கைந்து கல்லூரிகளுக்குள் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்.

பெயர் தெரிவதால் வரும் சாய்வு வெறும் சந்தேகம் அல்ல, அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. அமெரிக்க இதயச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டுக்கு 2000, 2001 ஆண்டுகளில் பெயர் தெரியும்படியும், 2002 முதல் 2004 வரை பெயரை மறைத்தும் சுருக்கங்களை மதிப்பிட்டது. மொத்தம் 67,275 சுருக்கங்களை ஆராய்ந்த அந்தக் கட்டுரை 2006-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. பெயர் தெரிந்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தவற்றில் 40.8 விழுக்காடும், பிற நாடுகளிலிருந்து வந்தவற்றில் 22.6 விழுக்காடும் தேர்வாயின. மறைத்த பிறகு அவை முறையே 33.4, 23.7 என்று ஆயின. புகழ்பெற்ற நிறுவனங்களுக்கும் மற்றவற்றுக்கும் இருந்த இடைவெளியும் அதேபோலக் குறைந்தது. இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை என்பதையும் கவனியுங்கள். பணமும் ஆட்களும் கருவிகளும் உள்ள இடத்திலிருந்து வரும் சுருக்கம் பெயரில்லாமலேயே வலுவாக இருப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. அதை இரண்டு வரியில் ஒதுக்கியது சரியில்லை. அடுத்த முறை அனுப்பும் முன் மாநாட்டின் அறிவிப்பில் பெயர் மறைத்த மதிப்பீடா என்று பாருங்கள்; இல்லையென்றால் செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக நினைக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 9

உங்கள் சுருக்கத்தை இங்கே பதிந்ததற்கு நன்றி. விரிசலைத் தேடும்போது எந்த வரிசையில் படிப்பேனோ அதே வரிசையில் படித்தேன். முதலில் முடிவுரை, பிறகு முடிவுகள், பிறகு ஆய்வு முறை, கடைசியாக முன்னுரை. பல மதிப்பீட்டாளர்கள் இப்படித்தான் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். முடிவுரையில் சொன்னதை முடிவுகள் தாங்குகின்றனவா, முடிவுகளை முறை தாங்குகிறதா என்று கீழிருந்து மேலாகப் போனால்தான் விரிசல் எங்கே என்று உடனே தெரியும்.

ஆங்கிலத்தில் நீங்கள் எழுதிய முடிவுப் பகுதியைத் தமிழில் தருகிறேன்: ‘பெரும்பாலான பெண்களுக்குத் தசை, எலும்பு வலி காணப்பட்டது. சுமக்கும் எடைக்கும் வலிக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இருந்தது. விரிவான முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்.’

மூன்று வரியிலும் ஓர் எண்கூட இல்லை. ‘பெரும்பாலான’ என்றால் நூற்றுக்கு 55-ஆ, 95-ஆ? ‘குறிப்பிடத்தக்க’ என்பது புள்ளியியல் சொல். அதைப் பயன்படுத்தினால் எண்ணைக் காட்டியாக வேண்டும். மூன்றாம் வரிதான் உங்களைக் கவிழ்த்தது. ‘முடிவுகள் விவாதிக்கப்படும்’ என்ற வாக்கியத்தைக் கண்டால், பகுப்பாய்வு இன்னும் முடியவில்லை என்றே மதிப்பீட்டாளர் எடுத்துக்கொள்வார். பல மாநாடுகளில் அந்த ஒரு வரிக்காகவே தள்ளலாம் என்று மதிப்பீட்டாளர்களுக்கான குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். நீங்கள் பகுப்பாய்வை முடித்துவிட்டீர்கள் என்பது உங்கள் கேள்வியிலிருந்து எனக்குத் தெரிகிறது. மதிப்பெண் போட்டவருக்கு அது தெரிய வழியில்லை.

இதை எப்படி எழுதியிருக்கலாம் என்று காட்டுகிறேன். எண்கள் என் கற்பனை; வடிவத்தை மட்டும் பாருங்கள். நம்பக இடைவெளி என்பது உண்மையான விழுக்காடு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதைக் காட்டுவது. ‘ஏலக்கூடத்தில் சந்தித்த 200 பெண்களில் 124 பேருக்கு (62%, 95% நம்பக இடைவெளி 55 முதல் 69 வரை) கடந்த 12 மாதங்களில் கழுத்திலோ தோளிலோ வலி இருந்தது. 20 கிலோவுக்கு மேல் சுமக்கும் 120 பேரில் 84 பேருக்கும் (70%), அதற்குக் குறைவாகச் சுமக்கும் 80 பேரில் 40 பேருக்கும் (50%) வலி இருந்தது.’ இரண்டே வாக்கியம்தான். எத்தனை பேரில் எத்தனை பேர் என்பது தெரிகிறது, ஒப்பீடு தெரிகிறது, துல்லியம் எவ்வளவு என்பதும் தெரிகிறது. இதைப் படித்த பிறகு ‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல்லே தேவைப்படாது.

வலியை எப்படி அளந்தீர்கள் என்பதும் இல்லை. நோர்டிக் வினாநிரலைப் பயன்படுத்தியதாக ஆய்வேட்டில் இருக்கிறது என்று கீழே ஒரு பதிலில் சொல்கிறீர்கள். 1987 முதல் புழக்கத்தில் இருக்கும் கருவி அது. உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதத்திலும் கடந்த 7 நாளிலும் தொல்லை இருந்ததா என்று கேட்கும். அதன் பெயரை எழுத இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லுக்கு ஆய்வு முறையில் ஒரு மதிப்பெண் கூடியிருக்கும். மாறாக, இந்தியக் கடற்கரையின் நீளத்தைப் பற்றியும் மீன்வளத்தின் பொருளாதார முக்கியத்துவத்தைப் பற்றியும் முன்னுரையில் 70 சொற்கள் செலவழித்திருக்கிறீர்கள்.

நோக்கம், முறை, முடிவுகள், முடிவுரை என்று தலைப்பிட்டு எழுதும் வழக்கம் மருத்துவ இதழ்களில் 1987 வாக்கில்தான் முன்மொழியப்பட்டது. படிப்பவர் தேடுவது உடனே கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிக்கும் சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகளின் சுருக்கத்தில் இருக்க வேண்டியவை என்று 17 உருப்படிகளை, அவற்றை எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டும் கன்சார்ட் குழுவினர் 2008-இல் பட்டியலிட்டார்கள். உங்களுடையது கூர்நோக்கு ஆய்வு, அதாவது எதையும் மாற்றாமல் இருப்பதைக் கவனித்து எழுதுவது. அத்தகைய ஆய்வுகளுக்கு வழிகாட்டும் ஸ்ட்ரோப் குழுவின் இணையதளத்தில் மாநாட்டுச் சுருக்கங்களுக்கென்றே ஒரு வரைவுப் பட்டியல் இருக்கிறது. அனுப்பும் முன் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உருப்படி உருப்படியாகச் சரிபாருங்கள்.

ஆகஸ்ட் 9, சற்று நேரம் கழித்து

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். எழுத்தைச் சரி செய்தால் தீராத குறை அது.

எங்கள் தெருவுக்கு இருபது ஆண்டுகளாக மீன் கொண்டுவந்த ஓர் அம்மா இருக்கிறார். கழுத்து வலி தாங்காமல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கூடை தூக்குவதை நிறுத்திவிட்டார். இப்போது மகன் கொண்டுவந்து போடும் மீனை வீட்டு வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து விற்கிறார். நீங்கள் ஏலக்கூடத்தில் நின்றுகொண்டு எட்டு மாதம் ஆள் சேர்த்திருந்தாலும் அவர் உங்கள் கணக்கில் வந்திருக்க மாட்டார். வலி மிக அதிகமாக இருந்தவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டதால், தொழிலில் நிற்பவர்களை மட்டும் எண்ணும்போது வலி குறைவாகத் தெரியும். நம் துறையில் இதை நலமுள்ள தொழிலாளர் விளைவு என்று பாடமாகவே படிக்கிறோம். உங்கள் ஆய்வின் உண்மையான வரம்பு இதுதான். இதை முடிவுரையில் ஒரு வாக்கியமாக நேர்மையாக எழுதினால் மதிப்பெண் குறையாது; யோசித்திருக்கிறார் என்று நானாக இருந்தால் கூட்டிப் போடுவேன்.

ஆகஸ்ட் 10

கோடு எங்கே போடப்படுகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 25-க்கு இத்தனை எடுத்தால் தேர்வு என்று முன்கூட்டி எந்த எண்ணும் கிடையாது. கோட்டைத் தீர்மானிப்பது மண்டபமும் கடிகாரமும்.

இரண்டு அரங்கு, இரண்டு நாள், ஒவ்வோர் அரங்கிலும் நாளொன்றுக்குத் தொண்ணூறு நிமிடத்தில் இரண்டு அமர்வு என்று வையுங்கள். மொத்தம் எட்டு அமர்வு. எட்டு நிமிடம் வாசிப்பு, இரண்டு நிமிடம் கேள்வி என்றால் அமர்வுக்கு ஒன்பது பேர். ஆக 72 பேர். 73-ஆவது ஆளுக்கும் 72-ஆவது ஆளுக்கும் மதிப்பெண்ணில் இருக்கும் வேறுபாடு அரைக்கும் கீழே. போஸ்டரும் அப்படியே; மண்டபத்தில் எத்தனை பலகை நிறுத்த முடியுமோ அத்தனை.

நான் குழுவில் இருந்த ஒரு மாநாட்டில், அமைப்பாளர்கள் தொடக்க விழாவுக்கு இன்னும் ஒரு சிறப்பு விருந்தினரைச் சேர்த்ததால் முதல் நாள் காலையில் ஓர் அரங்கின் அமர்வு முழுவதும் போயிற்று. ஏற்கெனவே கடிதம் அனுப்பப்பட்ட ஒன்பது மாணவர்களைப் போஸ்டருக்கு மாற்றச் சொன்னார்கள். ஒன்பது பேருக்கும் தொலைபேசியில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. திருநெல்வேலியிலிருந்து ரயில் டிக்கெட் எடுத்துவிட்ட ஒரு மாணவி, ‘நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா மேடம்?’ என்றுதான் முதலில் கேட்டார். அவர் எழுதியதில் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு நிகழ்ச்சி நிரலை இறுதி செய்யாமல் கடிதம் அனுப்பக்கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

ஆகஸ்ட் 12

இந்த இழைக்காகவே, இப்போது கையில் இருக்கும் கட்டுக்கு மதிப்பெண் போடும்போது கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மொத்தம் 42 சுருக்கங்கள். முதல் பத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசிப் பத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இரவு பதினொன்றரைக்கு அவற்றைப் படித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடமாவது கொடுப்பேன் என்று பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை என்று இப்போது தெரிகிறது. அந்தப் பத்தையும் இன்று விடியற்காலை எழுந்து மீண்டும் படித்தேன். நான்கின் மதிப்பெண் மாறியது. இனி ஒரே அமர்வில் பதினைந்துக்கு மேல் படிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16

பெரம்பூரிலிருந்து எழுதும் கணினித் துறை நண்பர், தம் துறையில் சுருக்கம் அல்ல, முழுக் கட்டுரையையே மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும், அதனால் தேர்வு இன்னும் நம்பகமாக இருக்கும் என்றும் சொல்கிறார். முழுக் கட்டுரை என்பது சரி. நம்பகத்தைப் பற்றி அவர் துறையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது.

2014-இல் நிப்ஸ் என்ற இயந்திரக் கற்றல் மாநாட்டின் நிகழ்ச்சித் தலைவர்கள் கொரின்னா கோர்ட்டெஸும் நீல் லாரன்ஸும் வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 166 கட்டுரைகளை, ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களுக்கு அனுப்பினார்கள். 43 கட்டுரைகளில் இரு குழுக்களின் முடிவும் வேறுபட்டன. நாலில் ஒன்று என்று கேட்கும்போது சிறிதாகத் தெரியும். ஆனால் தேர்வாகக்கூடியவையே கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் என்பதால், ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றை மற்றக் குழு தள்ளியிருந்தது. 2021-இல் 882 கட்டுரைகளை வைத்து மறுபடியும் செய்தபோதும் ஏறக்குறைய அதே அளவு வேறுபாடு இருந்தது. பல பக்கக் கட்டுரைக்கே இப்படி என்றால் 250 சொற்களுக்கு இதைவிடச் சீராக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் அனுபவத்தில் மிக நல்லவற்றை மூவரும் ஒரே மாதிரி அடையாளம் காண்கிறார்கள், மிக மோசமானவற்றையும் அப்படியே. நடுவில் இருக்கும் பெரும் கூட்டத்தில்தான் யார் கையில் போய் விழுகிறது என்பது முடிவை மாற்றுகிறது. கை இறுக்கமானவர் ஒருவர் தம் கட்டு முழுவதற்கும் சராசரியாக 12 போடுவார். தாராளமானவர் 19 போடுவார். இருவரின் எண்களையும் அப்படியே கூட்டினால், இறுக்கமானவரிடம் போன மாணவருக்கு அநியாயம். ஒவ்வொரு மதிப்பீட்டாளரின் சொந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று கணக்கிட்டு, அவருடைய மதிப்பெண்களின் பரவலால் வகுத்துவிட்டால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். விரிதாளில் பத்து நிமிட வேலை. செய்கிற மாநாடும் உண்டு, செய்யாத மாநாடும் உண்டு. மூவரில் இருவருக்கிடையே எட்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான்காவது ஒருவருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் நாங்கள் வழக்கமாக்கியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 24

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மதிப்பெண் போட எனக்கு ஒரு சுருக்கம் வந்தது. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட, வாரம் ஒரு முறை தொலைபேசியில் அழைத்து நினைவூட்டிப் பார்த்திருந்தார்கள். அழைக்கப்பட்டவர்களுக்கும் அழைக்கப்படாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை என்பது முடிவு. எண்கள் இருந்தன, நம்பக இடைவெளி இருந்தது, எத்தனை பேர் நடுவில் விலகினார்கள் என்பதும் இருந்தது. எழுத்து கொஞ்சம் தடுமாற்றமாக இருந்தது. நான் புதுமைக்கு 1, பயனுக்கு 1 போட்டு, மொத்தம் 11 கொடுத்தேன். ‘பயன் தராத ஒன்றைக் கேட்டு மாநாட்டுக்கு வந்தவர்கள் என்ன செய்வார்கள்?’ என்று நான் நினைத்தது இன்றும் நினைவிருக்கிறது. மற்ற இருவரும் 19, 18 போட்டிருந்தார்கள். சராசரி 16. போஸ்டருக்கான கோடு அந்த ஆண்டு 17-இல் விழுந்தது. நான் மூன்று மதிப்பெண் கூட்டிப் போட்டிருந்தால் அது உள்ளே வந்திருக்கும்.

முடிவுகள் போன பிறகு பெயர்களைத் திறந்து பார்த்தபோது, அதை எழுதியவர் இதே வட சென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் மருத்துவர் என்று தெரிந்தது. அதுகூட அன்று என்னைப் பாதிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து எங்கள் களப் பயிற்சிப் பகுதியில் நானே ஏறக்குறைய அதே நினைவூட்டல் திட்டத்தைத் தொடங்கினேன். இரண்டு செவிலியர்கள் ஆறு மாதம் தினமும் மதியம் உட்கார்ந்து தொலைபேசியில் பேசினார்கள். ஒரு பயனும் இல்லை. அந்த மருத்துவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அவர் சொல்ல முடியாதபடி தடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இது என் ஒருத்தியின் தவறு மட்டும் அல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1991-இல் ஓர் அவசர மருத்துவ மாநாட்டுக்கு அனுப்பப்பட்ட சுருக்கங்களை ஆராய்ந்து 1998-இல் ஜாமாவில் வெளிவந்த கட்டுரை, பலன் கிடைத்த ஆய்வுகளுக்கான சாய்வு அனுப்பும் நிலையிலேயே இருந்ததையும், தேர்வின்போது அது மேலும் கூடியதையும் காட்டியது. மாநாட்டைத் தாண்டியும் அது தொடர்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கோக்ரேன் அமைப்பின் 2018-ஆம் ஆண்டுத் திறனாய்வு 3,07,028 மாநாட்டுச் சுருக்கங்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றில் 37.3 விழுக்காடுதான் பின்னர் முழுக் கட்டுரையாக வெளிவந்தன. நேர்மறை முடிவு கண்டவை வெளிவரும் வாய்ப்பு அங்கேயும் கூடுதலாக இருந்தது.

இப்போது என் மதிப்பெண் தாளில், முடிவுப் பகுதியைப் படிக்கும் முன்பே ஆய்வுக் கேள்விக்கும் முறைக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறேன். ஒன்பதாம் தேதிக் குறிப்பில் முடிவுரையிலிருந்து மேலே போவேன் என்று எழுதியிருந்தேன். உங்கள் சுருக்கத்தில் விரிசலைத் தேடும்போது அப்படிப் படித்தேன். மதிப்பெண் போடும்போது அந்த வரிசை ஆபத்தானது என்பதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 25

அந்த மருத்துவரிடம் சொன்னீர்களா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். சொன்னேன். நேரில் போய், யார் மதிப்பெண் போட்டது என்பதையும் சொன்னேன். மதிப்பீட்டாளர் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளக்கூடாது என்ற விதியை மீறினேன்; அதில் எனக்கு வருத்தம் இல்லை. ‘தாளை இன்னும் வைத்திருக்கிறேன், இதழுக்கு அனுப்பலாமா?’ என்று கேட்டார். இருவரும் சேர்ந்து எழுத்தைச் சரி செய்து அனுப்பினோம். ஆசிரியர் பட்டியலில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 31

காரணம் சொல்லாமல் தள்ளும் மாநாட்டைவிட, எதையும் தள்ளாத மாநாட்டிடம் எச்சரிக்கையாக இருங்கள். கேள்வி கேட்டவருக்கு நேற்று வந்த அழைப்பைப் பார்த்தேன். இதயம், விவசாயம், மின்பொறியியல், நிர்வாகவியல் எல்லாவற்றுக்கும் ஒரே மாநாடு, 48 மணி நேரத்தில் ஏற்புக் கடிதம், கட்டணம் டாலரில், அறிவியல் குழுவில் இருப்பவர்கள் யார் என்று எங்கும் இல்லை. இரண்டு நாளில் மூன்று மதிப்பீட்டாளர்கள் படித்து முடிக்க முடியாது. யாரும் படிக்கப் போவதில்லை என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. பணத்தைக் கட்டாதீர்கள்.

செப்டம்பர் 7

காரணம் எழுதாமல் தள்ளுவதைப் பற்றி எங்கள் குழுவில் பேசினேன். பலரும் நேரமில்லை என்றார்கள். அது பொய் அல்ல. அறுபது சுருக்கத்துக்கும் தனித்தனியே கருத்து எழுதினால் இன்னொரு வாரம் வேண்டும். கருத்து எழுதினால் மேல்முறையீடு வரும் என்றும் ஒருவர் அஞ்சினார். கடைசியில் ஐந்து பெட்டிகள் கொண்ட ஒரு வரியை வைக்க ஒப்புக்கொண்டார்கள்: முடிவுகளில் எண் இல்லை, அளந்த முறை தெளிவில்லை, முடிவுரையை முடிவுகள் தாங்கவில்லை, மாநாட்டின் பொருளுக்குப் பொருந்தவில்லை, நன்றாக இருந்தும் இடமில்லை. தள்ளும்போது மதிப்பீட்டாளர் இவற்றில் ஒன்றிலாவது குறியிட்டே ஆக வேண்டும். ஐந்தாவது பெட்டியைச் சேர்க்கத்தான் மிகவும் வாதாட வேண்டியிருந்தது. எனக்கு அதுவே முக்கியம். 73-ஆவது இடத்தில் நின்ற மாணவி தன் எழுத்தில் தவறு தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

செப்டம்பர் 20

திருத்திய சுருக்கம் வேறொரு மாநாட்டில் போஸ்டருக்குத் தேர்வாகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூடையை இறக்கிவைத்துவிட்ட பெண்களையும் தேடிப் போய்ப் பதினெட்டுப் பேரைச் சந்தித்தது பற்றிப் படித்தேன். அவர்களை முதல் கணக்கோடு கலக்காமல் தனியாக எழுதியது சரியான முடிவு. போஸ்டரில் அவர்களுக்கென்று ஒரு கட்டம் ஒதுக்குங்கள். பலகையின் முன்னால் நிற்பவர்கள் கேட்கப்போவது அதைப் பற்றித்தான்.

ஃப்ளெக்ஸா, துணியா என்று கேட்டீர்கள். துணியில் அச்சடித்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம், ரயிலில் குழாயைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், வெளிச்சம் பட்டுப் பளபளக்காது. பலகையின் அளவை அறிவிப்பில் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். எழுத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்கும்படி இருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் முதுநிலைத் தேர்வின் தேதி மாறி உங்களால் மாநாட்டுக்குப் போக முடியாமல் போனால், உடனே செயலாளருக்கு எழுதிவிடுங்கள். கடந்த மாநாட்டின் இரண்டாம் நாள் காலை நான் போஸ்டர் மண்டபத்தைச் சுற்றி வந்தேன். எண் மட்டும் ஒட்டிய வெற்றுப் பலகைகள் பதினான்கு நின்றன. காத்திருப்போர் பட்டியல் என் கைப்பையில் இருந்தது. அதில் முதல் பதினான்கு பேரில் மூவர் சென்னைக்காரர்கள். முந்தைய நாள் மாலை தெரிந்திருந்தாலும் அந்த மூவரையாவது கூப்பிட்டிருப்பேன்.